கறுப்புப் பையில் வந்த கைமாத்து

கைமாத்து என்பது தமிழில் ரொம்ப சாதுவான வார்த்தை. கடன் என்றால் வட்டி, தவணை, வாசலில் ஆள் என்று மிரட்டும். லஞ்சம் என்றால் போலீஸ் ஞாபகம் வரும். கைமாத்து அப்படியில்லை. பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்குகிற மாதிரி. ஒண்ணாந்தேதி வந்தால் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறோம். கொஞ்சம் தாமதமானாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்த சாது வார்த்தையால் அமெரிக்காவில் ஒரு மத்திய மந்திரி ஜெயிலுக்குப் போனார். அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் என் கதை கொஞ்சம் இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பி.காம். (செகண்ட் கிளாஸ். காஸ்ட் அக்கவுண்டிங் மட்டும் இரண்டாம் முயற்சியில்.) இப்படிப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்க ஆரம்பிப்பதற்கு முன் சென்னையில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் இருந்தேன். என் மேஜைக்கு வருவது லாரி வாடகை பில்கள். எல்.ஆர். காப்பி இருக்கிறதா, எடை சரியா, ஹால்டிங் சார்ஜ் நியாயமா என்று பார்த்து, மூலையில் ஓர் இனிஷியல் போட வேண்டும். அந்த இனிஷியல் விழாமல் செக் கிளம்பாது. உலகத்தில் எனக்கு இருந்த ஒரே அதிகாரம் அதுதான்.

கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். வீடு பார்த்திருந்தேன். வாடகை எட்டாயிரம், அட்வான்ஸ் பத்து மாசம். எண்பதாயிரத்தில் பாதிதான் கையில் இருந்தது. அந்த வாரம் பில் கொடுக்க வந்தார் ஒரு லாரி கான்ட்ராக்டர். பெயர் வேண்டாம். ஆபீஸில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

"என்ன தம்பி, மொகம் வாடிக் கெடக்கு?"

சொன்னேன்.

"நாப்பதாயிரம்தானே? இதுக்கா இப்படி? நாளைக்கு வாங்கிக்கிடுங்க."

"வேண்டாம் அண்ணாச்சி..."

"சும்மாவா தாரேன்? கைமாத்துதானய்யா. கெடைக்கும்போது குடுங்க."

மறுநாள் ஒரு மஞ்சள் பையில் வந்தது. புரோநோட்டு எழுதித் தருகிறேன் என்றேன். "நமக்குள்ள என்னய்யா நோட்டு?" என்று சிரித்தார். அந்த 'நமக்குள்ள' எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. வாங்கிக்கொண்டேன்.

நாலைந்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில், அட்டை போன ஓர் அமெரிக்க சரித்திரப் புத்தகம் ஐம்பது ரூபாய்க்குக் கிடைத்தது. (கடைக்காரர் அறுபது சொன்னார். அட்டையைக் காட்டிக் குறைத்தேன்.) மின்சார ரயிலில் உட்கார்ந்து பிரித்தேன். பிரித்த இடத்தில் 1920.

*

முதல் உலகப் போர் முடிந்து இரண்டு வருஷம். அமெரிக்காவுக்கு அலுப்பு. லட்சத்துக்கு மேல் பையன்கள் போரில் போய்விட்டார்கள். விஷக் காய்ச்சல் வந்து ஊர் ஊராக வாரிக்கொண்டு போனது. விலைவாசி ஏற்றம், வேலைநிறுத்தம். 'உலகத்தைத் திருத்துவோம்' என்று உட்ரோ வில்சன் சொன்னதையெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது.

அந்த நேரத்தில் வந்தார் வாரன் ஹார்டிங். ஒஹையோ மாநிலத்தில் மேரியன் என்ற சின்ன ஊரில் பத்திரிகை நடத்தியவர். செனட்டர். நல்ல உயரம், நரைத்த தலை, கம்பீரமான முகம். சினிமாவில் ஜனாதிபதி வேஷத்துக்கு ஆள் தேடினால் இவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். பழையபடி இருப்போம், சகஜ நிலைக்குத் திரும்புவோம் என்பதுதான் அவர் பிரசாரம். ஜனங்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது. நவம்பர் 2, 1920. அன்று அவருக்கு ஐம்பத்தைந்தாவது பிறந்த நாள். நூற்றுக்கு அறுபது ஓட்டு வாங்கி ஜெயித்தார்.

ஹார்டிங் கெட்டவர் இல்லை. அதுதான் பிரச்னை. கெட்டவராக இருந்தால் சுற்றி இருப்பவர்களைச் சந்தேகப்பட்டிருப்பார். போரை எதிர்த்துப் பேசியதற்காக யூஜின் டெப்ஸ் என்ற சோஷலிஸ்ட் தலைவரை முந்தைய அரசு சிறையில் வைத்திருந்தது. 1921 கிறிஸ்துமஸுக்கு அவரை வெளியே விட்டவர் ஹார்டிங்தான். ஆனால் நண்பர்கள் என்று வந்துவிட்டால் 'முடியாது' என்ற வார்த்தை அவர் வாயில் வராது. மதுவிலக்கு அமலில் இருந்த காலத்தில் வெள்ளை மாளிகை மாடியில் விஸ்கியோடு சீட்டாட்டம். கூட ஆடியவர்களில் பலர் ஊர் சிநேகிதர்கள். 'ஒஹையோ கோஷ்டி' என்றே இவர்களுக்குப் பெயர். கோஷ்டித் தலைவர் ஹாரி டாஹர்ட்டி. அவர் என்ன உத்தியோகத்தில் இருந்தார் என்கிறீர்கள்? சட்ட மந்திரி!

சார்லஸ் ஃபோர்ப்ஸ் என்று இன்னொரு சிநேகிதர். போரில் கை கால் போனவர்களுக்கு ஆஸ்பத்திரி கட்டிக் கொடுக்கும் இலாகாவை 1921-ல் ஆரம்பித்து, அவர் கையில் கொடுத்தார்கள். மனிதர் ஆஸ்பத்திரி கான்ட்ராக்டில் கமிஷன் பார்த்தார். மேரிலாந்து மாநிலத்தில் பெரிவில் என்ற ஊர்க் கிடங்கில் இருந்த படுக்கை விரிப்பு, துண்டு, மருந்து சாமான்களை, உபரி என்று எழுதி அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார். அடிபட்ட சிப்பாய்க்குப் போக வேண்டிய விரிப்பு! விஷயம் தெரிந்ததும் ஹார்டிங் என்ன செய்தார்? வெளிநாடு போய் அங்கிருந்து ராஜினாமா அனுப்ப விட்டார். ஃபோர்ப்ஸ் 1923-ல் விலகினார். பிறகு கோர்ட் விடவில்லை. இரண்டு வருஷத் தண்டனை.

எதிரிகளால் எனக்குத் தொல்லை இல்லை, பாழாய்ப்போன இந்த நண்பர்களால்தான் ராத்திரி தூக்கமில்லாமல் நடக்கிறேன் என்று ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் ஹார்டிங் புலம்பியதாகச் சொல்வார்கள்.

*

இப்போது நம் கதாநாயகர். ஆல்பர்ட் ஃபால். நியூ மெக்ஸிகோ செனட்டர். அகலத் தொப்பி, தொங்கு மீசை, கவ்பாய் படத்தில் வருகிற பேர்வழி மாதிரி இருப்பார். ஹார்டிங்குக்கு செனட்டில் சிநேகம். 1921 மார்ச்சில் மந்திரியானார். 'நம்ம ஆள்தானே' என்று செனட் விசாரணை எதுவும் வைக்காமல் உடனே அங்கீகரித்துவிட்டது. அவருடைய இலாகாவை உள்துறை என்று சொன்னால் போலீஸ் என்று நினைத்துக்கொள்வோம். அங்கே அது வேறே. அரசாங்க நிலம், சுரங்கம் பார்க்கிற துறை.

அமெரிக்கக் கடற்படை அப்போதுதான் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்தது. அவசரத்துக்கு வேண்டுமே என்று மூன்று இடங்களில் பூமிக்குள் இருக்கும் எண்ணெயை அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். கலிஃபோர்னியாவில் எல்க் ஹில்ஸ், பியூனா விஸ்டா. வயோமிங் மாநிலத்தில் டீப்பாட் டோம். பக்கத்தில் ஒரு பாறை டீ ஜாடி மாதிரி மூக்கும் கைப்பிடியுமாக இருந்ததால் அந்தப் பெயர். அரிசிப் பானைக்குள் பாட்டி முடிச்சுப் போட்டு வைக்கிற பணம் மாதிரிதான் இந்த எண்ணெயும். தொடக் கூடாது.

மே 31, 1921. இந்த வயல்களைக் கடற்படையிடமிருந்து ஃபாலின் இலாகாவுக்கு மாற்றி ஹார்டிங் கையெழுத்துப் போட்டார். கடற்படை மந்திரி டென்பி மறுபேச்சுப் பேசவில்லை. இதில் ஒரு வேடிக்கை. பத்தே நாள் கழித்து, ஜூன் 10-ம் தேதி, இதே ஹார்டிங் இன்னொரு சட்டத்திலும் கையெழுத்துப் போட்டார். அரசாங்கத்தின் வரவு செலவைத் தணிக்கை செய்யத் தனி ஆபீஸ் ஏற்படுத்திய சட்டம் அது. என்னைப் போன்ற அக்கவுண்ட்ஸ் ஆட்கள் கும்பிட வேண்டிய சட்டம். ஒரு கையால் சாவியைக் கொடுத்துவிட்டு, இன்னொரு கையால் வாட்ச்மேனுக்கு ஆர்டர் போட்டிருக்கிறார், பாவம்!

1922 ஏப்ரலில் டீப்பாட் டோம் முழுவதும் ஹாரி சின்க்ளேர் என்ற எண்ணெய்ப் பணக்காரரின் கம்பெனிக்குக் குத்தகைக்குப் போனது. டெண்டர் கிடையாது. அறிவிப்பும் கிடையாது. ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஏக்கர். எல்க் ஹில்ஸ் எட்வர்ட் டொஹீனிக்குப் போனது. டொஹீனி யார்? ஃபாலுக்கு நெடுநாள் சிநேகிதர். வாலிப வயசில் இருவரும் நியூ மெக்ஸிகோ மலைகளில் வெள்ளி தேடித் திரிந்தவர்கள். ஒருவருக்கு எண்ணெய் கிடைத்தது. இன்னொருவருக்குப் பதவி கிடைத்தது.

விஷயம் பத்திரிகையில் கசிந்தது. செனட்டில் கேள்வி வந்தது. விசாரிக்கும் பொறுப்பு மான்டானா செனட்டர் தாமஸ் வால்ஷிடம் வந்தது. வால்ஷ் வக்கீல். சிரிக்காத மனிதர். வண்டி வண்டியாக வந்த காகிதங்களை மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்தார். இதற்குள் ஹார்டிங் 1923 ஆகஸ்ட் 2-ம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு ஓட்டலில் இறந்துபோனார். நாடே அழுதது. பெரிய ஊழல் எதுவும் இன்னும் வெளியே வரவில்லை. அந்த வகையில் கொடுத்துவைத்தவர்.

அக்டோபரில் விசாரணை ஆரம்பித்தது. ஃபால் வந்து 'நாட்டு நன்மைக்காகச் செய்தேன்' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டுப் போனார். சட்டப்படி ஒரு ஓட்டையும் இல்லை. வால்ஷ் திணறினார். 'செத்த மனிதரின் பெயரைக் கெடுக்கிறாரே' என்று சில பத்திரிகைகள் திட்டின.

அப்போதுதான் நியூ மெக்ஸிகோவிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியர் சாட்சி சொல்ல வந்தார். எண்ணெய் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. அவர் சொன்னது ஃபாலின் பண்ணை பற்றி. முன்பு பார்த்தபோது பாழடைந்து கிடந்தது. 1912-லிருந்து வரி பாக்கி. இப்போது போய்ப் பார்த்தால் புது வேலி, புது வாசல் தூண், செப்பனிட்ட பாதை. வரி பாக்கி மொத்தமும் ஒரே தடவையில் கட்டியாகிவிட்டது. பக்கத்துப் பண்ணையையும் வாங்கியாகிவிட்டது. அந்தக் காலத்தில் மந்திரி சம்பளம் வருஷத்துக்கு 12,000 டாலர்.

(ரயிலில் இந்த இடத்தில் நான் புத்தகத்தைக் கொஞ்சம் தாழ்த்தினேன். என் புது வீட்டு வாசலில் மாட்ட, பெயர்ப் பலகைக்கு ஆர்டர் கொடுத்திருந்தது ஞாபகம் வந்தது.)

'எங்கிருந்து வந்தது பணம்?' என்று ஃபாலைக் கேட்டார்கள். 'கடன்' என்றார். யாரிடம்? மெக்லீன் என்ற பத்திரிகை முதலாளியிடம் ஒரு லட்சம் டாலர். வால்ஷ் விடவில்லை. 1924 ஜனவரியில் ஃபுளோரிடாவுக்கே போய் மெக்லீனைக் கேட்டார். 'செக் கொடுத்தேன், பேங்க்கில் போடாமலே திருப்பிக் கொடுத்துவிட்டார்' என்றார் மெக்லீன். ஆக, கடன் உண்டு. கடன் கொடுத்தவர்தான் வேறு.

ஜனவரி 24, 1924. டொஹீனி தானாகவே வந்து கூண்டில் ஏறினார். ஆமாம், நான்தான் கொடுத்தேன் என்றார். 1921 நவம்பர் கடைசியில், அவர் மகன் நியூயார்க்கில் ஒரு லட்சம் டாலர் ரொக்கமாக எடுத்து, ஒரு சின்னக் கறுப்புப் பையில் போட்டு, வாஷிங்டனில் ஃபாலிடம் நேரில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். பழைய சிநேகிதர் கஷ்டத்தில் இருந்தார், கைமாத்து கொடுத்தேன், குத்தகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சாதாரண மனிதருக்கு இருபத்தைந்து, ஐம்பது டாலர் எப்படியோ, எனக்கு ஒரு லட்சம் அப்படி. இதுதான் அவர் வாக்குமூலத்தின் சாரம்.

மந்திரியின் எட்டு வருஷச் சம்பளத்துக்கு மேல் அந்தப் பையில் இருந்தது.

'நோட்டு எழுதி வாங்கினீர்களா?' என்று கேட்டார்கள். வாங்கினாராம். கொண்டுவந்தும் காட்டினார். பார்த்தால், கையெழுத்து இருக்க வேண்டிய இடம் கிழிந்திருந்தது! டொஹீனி அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். நான் திடீரென்று செத்துப்போனால் என் வாரிசுகள் ஃபாலை நெருக்கக் கூடாதே, அதனால் கையெழுத்துப் பகுதியைத் தனியாகக் கிழித்து மனைவியிடம் கொடுத்து வைத்தேன் என்றார். எங்களுக்கு பி.காம். இரண்டாம் வருஷம் மெர்க்கன்டைல் லா உண்டு. புரோநோட்டு என்றால் எழுதிக் கொடுப்பவர் கையெழுத்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பஜ்ஜி மடிக்கத்தான் உதவும். அமெரிக்காவின் பெரிய கோடீஸ்வரர்களில் ஒருவருக்கு இது தெரியாதா என்ன?

சின்க்ளேர் கதை இன்னும் வேடிக்கை. அவர் கம்பெனியில் வேலை பார்த்தவர் ஆர்ச்சி ரூஸ்வெல்ட், பழைய ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட்டின் மகன். சின்க்ளேரின் அந்தரங்கச் செயலாளர், ஃபாலின் பண்ணை ஆளுக்கு அறுபத்தெட்டாயிரம் டாலர் போனதாகத் தன்னிடம் சொன்னார் என்று சாட்சி சொன்னார் ஆர்ச்சி. செயலாளரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். 'ஐயோ, நான் அப்படிச் சொல்லவில்லையே. ஆறெட்டு மாடு என்றேன். சிக்ஸ் ஆர் எய்ட் கௌஸ். அவர் காதில் சிக்ஸ்டி எய்ட் தௌ என்று விழுந்திருக்கிறது' என்றார்! சின்க்ளேர் பண்ணைக்கு மாடு, பன்றி, குதிரை அனுப்பியது என்னவோ நிஜம்தான். ஆனால் மாடு மட்டும் போகவில்லை.

அதைக் கண்டுபிடித்தது ஒரு நம்பர். போர்ச் செலவுக்காக 1917, 18-ல் அரசாங்கம் 'லிபர்ட்டி பாண்ட்' என்று கடன் பத்திரம் விற்றது. தேசபக்தியோடு பள்ளிப் பிள்ளைகள் முதல் விவசாயி வரை வாங்கினார்கள். சின்க்ளேரும் சில எண்ணெய் முதலாளிகளும் கனடாவில் ஒரு பெயர்ப் பலகைக் கம்பெனி ஆரம்பித்தார்கள். அது பீப்பாய் ஒன்றரை டாலருக்கு எண்ணெய் வாங்கி, ஒன்றே முக்கால் டாலருக்கு இவர்களுடைய சொந்தக் கம்பெனிகளுக்கே விற்றது. நடுவில் நின்ற கால் டாலர் கம்பெனிப் பங்குதாரர்களுக்குத் தெரியாமல் ஒதுங்கியது. அந்தப் பணத்தில் லிபர்ட்டி பாண்ட் வாங்கி, அதில் ஒரு கட்டை ஃபாலின் மருமகன் வழியாகக் கொடுத்திருக்கிறார்கள். பாண்டில் பெயர் இருக்காது. யார் கையில் இருக்கிறதோ அவருக்குச் சொந்தம். ஆனால் வரிசை எண் இருக்குமே! ரகசியப் போலீஸ் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டே போய், ஃபாலின் கணக்கில் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் வந்து சேர்ந்ததைக் கண்டுபிடித்தது. அதே பாண்டுகளில் கொஞ்சம், 1920 தேர்தலில் ஹார்டிங்கின் கட்சி பட்ட கடனை அடைக்கவும் போயிருந்தது. நாட்டைக் காப்பாற்ற விற்ற பத்திரம், நாட்டின் எண்ணெயை வாங்கக் கரன்ஸி ஆகிவிட்டது.

*

இனிமேல் கோர்ட். சினிமாவாக இருந்தால் இங்கே 'வணக்கம்' போட்டிருப்பார்கள்.

ஹார்டிங்குக்குப் பின் வந்த கூலிட்ஜ், கட்சிக்கு ஒருவராக இரண்டு வக்கீல்களை நியமித்தார். 1927-ல் சுப்ரீம் கோர்ட் இரண்டு குத்தகைகளும் மோசடி என்று ரத்து செய்தது. எண்ணெய் வயல்கள் கடற்படைக்குத் திரும்பின. சட்ட மந்திரி டாஹர்ட்டி வேறொரு வழக்கில் மாட்டினார். அவர் சகோதரரின் பேங்க் லெட்ஜர் பக்கங்கள் வேண்டும் என்றபோது, அவற்றை எரித்துவிட்டதாகத் தெரிந்தது. ஜூரி ஒருமித்த முடிவுக்கு வராததால் தப்பித்தார். லெட்ஜரை எரிக்கிற சட்ட மந்திரி! சின்க்ளேரின் முதல் விசாரணையின்போது ஜூரிகளுக்குப் பின்னால் துப்பறியும் ஆட்களை அனுப்பியது தெரிந்து விசாரணையே கலைந்தது. மறு விசாரணையில் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை. ஆனால் செனட்டுக்குப் பதில் சொல்லாததற்கும், ஜூரியை வேவு பார்த்ததற்கும் 1929-ல் சில மாதங்கள் உள்ளே இருந்தார்.

ஃபால் மீது லஞ்ச வழக்கு. சக்கர நாற்காலியில் கோர்ட்டுக்கு வந்தார். 1929 அக்டோபர் 25-ம் தேதி, டொஹீனியிடம் ஒரு லட்சம் டாலர் லஞ்சம் வாங்கியது நிரூபணம் என்று தீர்ப்பு. (முதல் நாள்தான் நியூயார்க் பங்குச் சந்தை குப்புற விழுந்திருந்தது.) ஒரு வருஷ ஜெயில், ஒரு லட்சம் டாலர் அபராதம். பதவியில் இருந்தபோது செய்த குற்றத்துக்காக ஜெயிலுக்குப் போன முதல் அமெரிக்க மந்திரி அவர்தான். 1931 ஜூலையில் ஆம்புலன்ஸில் போய் இறங்கினார். அபராதம் கட்டவில்லை. கட்டப் பணமில்லை.

ஐந்து மாதம் கழித்து, 1930 மார்ச்சில், அதே வாஷிங்டனில், அதே ஒரு லட்சம் டாலரை லஞ்சமாகக் கொடுத்ததாக டொஹீனி மீது வழக்கு. ஜூரி வேறு. தீர்ப்பு? குற்றமற்றவர்! விடுதலை!

இரண்டு தடவை படித்தேன். பக்கத்து சீட்டுக்காரர் கூட எட்டிப் பார்த்தார். வாங்கியவர் லஞ்சம் வாங்கினார். கொடுத்தவர் லஞ்சம் கொடுக்கவில்லை. டபுள் என்ட்ரி முறையில் எல்லா டெபிட்டுக்கும் ஒரு கிரெடிட் உண்டு என்று சொல்லிக் கொடுத்த என் வாத்தியார் இதைப் பார்த்திருந்தால் சாக்பீஸைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்.

கடைசிப் பாராதான் என்னை நிஜமாகவே உட்கார்ந்த இடத்தில் அசைத்தது. 1930-களின் நடுவில் ஃபாலின் பண்ணை கடனுக்காகப் பறிபோனது. எந்தப் பண்ணைக்காக எல்லாம் செய்தாரோ அந்தப் பண்ணை. பறித்தது யார்? டொஹீனியின் கம்பெனி. 'சிநேகிதம், கைமாத்து' என்று கோர்ட்டில் சொன்ன அதே பணத்துக்குக் கணக்குப் பார்த்து எடுத்துக்கொண்டது. 1944-ல் சாகிற வரைக்கும் ஃபால் அது கடன்தான், லஞ்சம் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் நம்பியிருப்பார். யாரும் லஞ்சம் வாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு வாங்குவதில்லை. சிநேகிதர் உதவுகிறார் என்று நினைத்துத்தான் வாங்குகிறார்கள். பையை நீட்டுகிறவருக்கு மட்டும் அது என்ன என்று தெரியும்.

ரயில் தாம்பரம் வந்து காலியாகிவிட்டது. நான் கடைசியாக இறங்கினேன்.

*

திங்கட்கிழமை காலையில் எல்லோருக்கும் முன்னால் ஆபீஸ் போனேன். மஞ்சள் பைக்குப் பிறகு நான் பாஸ் பண்ணிய அண்ணாச்சி பில்களை எடுத்தேன். மொத்தம் பதினொன்று. கேட் ரிஜிஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்பது சுத்தம். இரண்டு பில்லில், லாரி ஒரு நாள் நின்றதற்கு இரண்டு நாள் ஹால்டிங் போட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் 1,800 ரூபாய் அதிகம். மூலையில் அழகாக என் இனிஷியல்.

பார்த்துவிட்டுத்தான் போட்டேனா, பார்க்காமல் போட்டேனா? சத்தியமாக இன்றுவரை எனக்குத் தெரியாது. அதுதான் பயமாக இருந்தது. வேறு கான்ட்ராக்டர் என்றால் கேட் ரிஜிஸ்டர் பார்க்காமல் நான் பேனாவையே திறக்க மாட்டேன்.

அன்று ராத்திரி, கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவருக்கு போன் செய்தேன். முழு விஷயமும் சொன்னேன். அந்த வீடு வேண்டாம், பெருங்களத்தூரில் ஒத்தை ரூம் வீடு, நாலாயிரம் வாடகை, கையில் இருக்கிற பணம் அட்வான்ஸுக்குச் சரியாக இருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. எனக்கு வியர்த்தது.

"சின்ன வீடுன்னா பெருக்குறது சுலபம்" என்றார்.

மறுநாள் அதே மஞ்சள் பையில் நாற்பதாயிரத்தையும் எடுத்துக்கொண்டு அண்ணாச்சியின் ஷெட்டுக்குப் போனேன். அவர் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன அவசரம் தம்பி? நான் கேட்டேனா?"

"கேக்கல அண்ணாச்சி. அதான் கொண்டுவந்தேன்."

புரிந்ததோ, இல்லையோ. எண்ணாமலே மேஜை டிராயரில் போட்டார். அவருக்கு அது நமக்கு ஐம்பது ரூபாய் மாதிரி. அந்த வாரமே 3,600 ரூபாய்க்கு ஒரு டெபிட் நோட் அனுப்பினேன். மானேஜரிடம், "நான்தான் கவனிக்காம விட்டுட்டேன் ஸார்" என்றேன். "ஆடிட் வரதுக்குள்ள பாத்தியே, அது போதும்" என்றார் அவர். மஞ்சள் பை பற்றி அவரிடம் சொல்லவில்லை. தைரியம் இல்லை. இத்தனை வருஷம் கழித்து உங்களிடம்தான் சொல்கிறேன்.

வயோமிங்கில் அந்த டீ ஜாடிப் பாறை இன்னும் நிற்கிறதாம். கைப்பிடியும் மூக்கும் காற்றிலும் மழையிலும் எப்போதோ உடைந்து விழுந்துவிட்டன. இப்போது பார்த்தால் ஜாடி மாதிரியே இருக்காது. எண்ணெய் வயலை அரசாங்கம் 2015-ல் ஒரு தனியார் கம்பெனிக்கு விற்றுவிட்டது. இந்தத் தடவை விலை பேசி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி.

அண்ணாச்சி டெபிட் நோட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த பில்லில் 3,600-ஐக் கழித்துக்கொண்டார். அதற்கப்புறமும் நான் அந்த ஆபீஸில் இருந்தவரை மாசம் இரண்டு தடவை வந்தார். நன்றாகத்தான் பேசினார். ஆனால் 'தம்பி' என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

"ஸார், பில்லைப் பாத்துடுங்க" என்பார்.

பார்த்தேன்.